எஃப் கார்டைத் தாண்டாதோர் சங்கம்



கிடார் வாங்கி மூணு மாசம் ஆச்சு. இடது கை விரல் நுனி நாலும் காய்ச்சுப் போச்சு. ரூம்மேட் காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்கப் பழகிட்டான். 'இன்னும் அதே பாட்டுதானா மச்சி?' என்று எதிர் ரூம்காரன் கேட்டால் சிரித்து மழுப்ப உங்களுக்கும் பழகிவிட்டது. ஒரு ராத்திரி எல்லாரும் மெஸ்ஸுக்குப் போன நேரமா பார்த்து, கதவைச் சாத்தி, போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி, ஒரு பாட்டை முழுசாக வாசித்து முடிக்கிறீர்கள். உள்ளுக்குள் ஒரு குட்டி ராஜா, குட்டி ரஹ்மான் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். ஆசை ஆசையாக ப்ளே பட்டனை அழுத்துகிறீர்கள்...

அப்புறம் என்ன? டெலிட்தான்!

இந்த வாரம் நம்ம மேட்டர் அந்த டெலிட் பட்டன். அதை அழுத்துவதற்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க பாஸ்.

முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் வாசிக்கும்போது கேட்ட கிடாரும், போனில் கேட்ட கிடாரும் நிஜமாகவே வேற வேற. கிடாரின் சத்தம் முன்பக்கமாகப் போகிறது. நீங்கள் உட்கார்ந்திருப்பதோ அதற்குப் பின்னால். போதாததற்கு மரப்பெட்டி உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கிறது. அந்த அதிர்வு உடம்புக்குள்ளேயே இறங்குகிறது. அதனால் வாசிக்கிறவருக்கு எப்பவுமே கொஞ்சம் கூடுதல் விருந்து. போன் பாவம், காற்றில் வருவதை மட்டும்தான் பிடிக்கும். அதுவும் மனுசப் பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்த குட்டி மைக். அதில் உங்கள் கிடார் தகர டப்பா மாதிரி கேட்டால், முழுப் பழியும் உங்கள் மேல் இல்லை. முதல் முறை உங்கள் குரலை ரெக்கார்டரில் கேட்டபோது 'ஐயே, இதா என் குரல்?' என்று நெளிந்தீர்களே, அதே கதைதான்.

ஆனால் பாதிப் பழி உங்கள் மேல்தான். அதையும் சொல்லியாகணும்.

புதுசாகக் கற்றுக்கொள்கிற எல்லாருடைய ரெக்கார்டிங்கிலும் ஒரு வியாதி இருக்கும். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போகிற இடத்தில் பாட்டு நின்றுவிடும். சரியாகச் சொன்னால் மூச்சு வாங்கும். (கார்டு என்றால் ஏ.டி.எம். கார்டு இல்லைங்க. மூணு அல்லது அதுக்கு மேற்பட்ட ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் தட்டுகிற விஷயம். கிடார் பக்கமே போகாத நண்பர்களுக்காக இந்த அடைப்புக்குறி.) வாசிக்கும்போது அந்த ஒரு விநாடி உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் மூளை அந்த நேரத்தில் 'மோதிர விரல் எங்கே, நடுவிரல் எங்கே' என்று தேடிக்கொண்டிருக்கிறது. நேரம் போவதைக் கணக்குப் பார்க்க அங்கே ஆளே இல்லை. ரெக்கார்டிங்கில் மட்டும் அந்த ஓட்டை, டவுன் பஸ் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குகிற மாதிரி, டொடக்கென்று கேட்கும். கண்ணாடி முன்னால் நின்றால் முகத்தில் இருக்கிற பரு தெரிகிற மாதிரி. கண்ணாடியை உடைத்து என்ன பிரயோஜனம்?

அதனால் அழிக்காதீர்கள். பெயருக்குப் பதிலாகத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அப்புறம் அடுத்த கஷ்டமான வேலை ஒன்று இருக்கு. அதை யாராவது ஒருத்தருக்கு அனுப்புங்கள்.

'என்னது, இந்தக் கொடுமையை இன்னொருத்தனுக்கா?' என்கிறீர்களா. ஆமாம். யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கு. பத்து வருஷமாக வாசிக்கிற சீனியர் அண்ணனுக்கு அல்ல. உங்களை மாதிரியே எஃப் கார்டில் மாட்டிக்கொண்டு முழிக்கிற இன்னொரு ஜீவனுக்கு.

கொஞ்சம் லிவர்பூல் வரைக்கும் போய்ட்டு வருவோமா? 1950-களின் கடைசி. இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். ஜான் லென்னன் என்ற பையன் கையில் கிடார். ஆனால் வாசிப்பது என்னவோ பாஞ்சோ கார்டுகள்! அவருடைய அம்மா ஜூலியாவுக்கு பாஞ்சோ தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே கிடாரில் பிடித்துக்கொண்டிருந்தார். ட்யூன் பண்ணக்கூட ஆள் தேட வேண்டிய நிலைமை. அவரை வளர்த்தது பெரியம்மா மிமி. 'கிடார் எல்லாம் சரிதான், அது சோறு போடாதுப்பா' என்கிற நம்ம ஊர் டயலாக்கை அவர் இங்கிலீஷில் சொன்னது உலகப் பிரசித்தம். (பெரியம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.) 1957 ஜூலையில் ஒரு சர்ச் திருவிழாவில் ஜானுக்கு அறிமுகமானவர் பால் மெக்கார்ட்னி. இடதுகைப் பழக்கம் என்பதால் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டி வாசிக்கிறவர். ஜானுக்குத் தெரியாத ஒன்று பாலுக்குத் தெரிந்திருந்தது. ட்யூனிங்! ஜானோடு பால் கூட்டு சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர்களுக்கு இ கார்ட் தெரியும். ஏ கார்ட் தெரியும். அந்த சுருதியில் பாட்டை முடிக்க பி செவன்த் என்று மூணாவதாக ஒன்று வேண்டும். அது மட்டும் தெரியாது. ஊரின் இன்னொரு மூலையில் யாருக்கோ அது தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், அவர் வீட்டுக் கதவைத் தட்டி, விரலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்த கதையைப் பால் மெக்கார்ட்னி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கார்டுக்காக பஸ் டிக்கெட்! இன்னைக்கு நாம யூட்யூபில் முப்பது விநாடியில் பார்த்துவிட்டு, மூணாவது நாள் மறந்தும் போகிறோம்.

1958-ல் இந்தப் பசங்க ஒரு காரியம் பண்ணினார்கள். அப்போது பேண்டின் பெயர் 'குவாரிமென்'. ஜானுக்கு 17 வயசு, பாலுக்கு 16, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. பியானோவுக்கு ஜான் லோ, ட்ரம்ஸுக்கு காலின் ஹாண்டன். பெர்சி பிலிப்ஸ் என்பவர் தன் வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அஞ்சு பேரும் காசு போட்டு, ஒரு பவுண்டுக்கும் குறைவான செலவில் ரெண்டு பாட்டை ரெக்கார்ட் பண்ணினார்கள். கிடைத்தது ஒரே ஒரு இசைத்தட்டு. ஆள் அஞ்சு, தட்டு ஒண்ணு. என்ன பண்ணுவது? ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள்! ஒருத்தர் வீட்டில் போட்டு, சொந்தக்காரர்களுக்குப் போட்டுக்காட்டி, வாரம் முடிந்ததும் அடுத்தவர் கைக்கு. அப்படிச் சுற்றி வந்த தட்டு கடைசியில் ஜான் லோவிடம் தங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேல் அவரிடமேதான் இருந்தது. 1981-ல் பால் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார். 1995-ல் பீட்டில்ஸின் 'ஆந்தாலஜி' முதல் ஆல்பத்தில் அந்த ரெக்கார்டிங் வெளிவந்தது. கேட்டுப்பாருங்கள். கரகரவென்றுதான் இருக்கும். பின்னாளைய பீட்டில்ஸை அதில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மைக் முன்னாடி நின்று, தப்பு வந்துவிடக் கூடாதே என்று வாசிக்கிற சின்னப் பசங்கதான் கிடைப்பார்கள்.

அவர்களும் டெலிட் பண்ணியிருக்கலாம். சுத்தியலால் ஒரே போடு. பண்ணவில்லை. வாரா வாரம் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது பின்னாளில் அவர்கள் பெரிய ஆளானது இல்லை. அந்த அஞ்சு வாரங்கள்தான். இந்த வாரம் என்கிட்ட, அடுத்த வாரம் உன்கிட்ட என்று நடந்த அந்தச் சுற்று.

நம்ம ஊரில் இதையே டேப் ரெக்கார்டரில் செய்த தலைமுறை இருக்கு. சிவப்புப் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அழுத்தி, அப்பாவின் பக்திப் பாடல் கேசட்டில் தெரியாமல் மேலேயே பதிந்து, வீட்டில் உதை வாங்கியவர்கள். அப்புறம் நோக்கியா காலம். கிளாஸ்ரூம் கடைசி பெஞ்சில் ப்ளூடூத் ஆன் பண்ணி, ரெண்டு போனையும் முத்தமிட வைத்து அனுப்பியவர்கள். இப்போது ஒரு வாய்ஸ் நோட்டில் வேலை முடிந்தது. ஆனால் அனுப்ப வேண்டிய தைரியம் மட்டும் அன்றைக்கு என்ன விலையோ அதே விலைதான் இன்றைக்கும்.

சரி, அனுப்பியாச்சு. இப்போது கேட்கிறவரின் கதைக்கு வருவோம். இங்கேதான் நம்ம மக்கள் சொதப்புவது.

ரெண்டு வகை சொதப்பல் உண்டு. முதல் வகை, 'செம மச்சி! பின்னிட்ட!' பத்து விநாடி கேட்டுவிட்டு ஒரு தீ எமோஜியும் போட்டுவிடுவது. இது பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அனுப்பியவனுக்கு உடனே தெரிந்துவிடும், நீங்கள் கேட்கவில்லை என்று. அடுத்த முறை அனுப்ப மாட்டான். ரெண்டாவது வகை, மூணு மாசம் சீனியாரிட்டியை வைத்துக்கொண்டு முன்னூறு தப்பு கண்டுபிடிக்கிறவர். 'ரிதம் போச்சு, ட்யூனிங் போச்சு, உட்கார்ந்த பொசிஷனே தப்பு...' இவரிடம் அடுத்த முறை அனுப்ப யாருக்கும் விரலே வராது.

நடுவில் ஒரு வழி இருக்கு. எனக்குத் தெரிந்த ஒரு கோயம்புத்தூர் ஹாஸ்டல் கும்பல் இதை ரொம்ப அழகாகச் செய்கிறது. ஏழு பேர். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் ஆளுக்கு ஒரு நிமிஷ ரெக்கார்டிங் போட்டாக வேண்டும். கேட்டவர்கள் ரெண்டே விஷயம் சொல்லலாம். ஒன்று, எந்த இடம் நன்றாக வந்தது. இன்னொன்று, எந்த ஒரே ஒரு இடத்தை இந்த வாரம் பார்க்கணும். அவ்வளவுதான். அந்த குரூப்பில் நான் பார்த்த ஒரு பதில்: 'ரெண்டாவது லைன்ல சி-க்குப் போறப்ப இன்னும் நிக்குதுடா. ஆனா ஸ்ட்ரம்மிங் போன வாரத்தைவிட எவ்வளவோ சீரா இருக்கு.'

அந்த 'போன வாரத்தைவிட'வைக் கொஞ்சம் கவனியுங்கள். அதை ஒரு பெரிய மாஸ்டரால் சொல்ல முடியாது. உங்கள் போன வார மொக்கையையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட ஒருத்தரால் மட்டும்தான் சொல்ல முடியும். உங்களாலேயே சொல்ல முடியாது. தினமும் கண்ணாடி பார்க்கிறவனுக்குத் தான் உயர்ந்தது தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பாதான் 'என்னடா, பனைமரமாட்டம் வளர்ந்துட்ட?' என்பார். அந்த சித்தப்பா வேலையைத்தான் நண்பர்கள் செய்யணும்.

இன்னொரு லாபமும் உண்டு. நேற்று சி கார்டைக் கற்றுக்கொண்டவனுக்கு அது ஏன் கஷ்டம் என்று இன்னும் ஞாபகம் இருக்கும். 'மோதிர விரலை முதல்ல வை, மத்தது தானா விழும்' என்று அவன் சொல்வான். பத்து வருஷ அனுபவஸ்தருக்கு அதெல்லாம் மறந்தே போயிருக்கும். 'அப்படியே பிடிக்கணும் தம்பி' என்பார். எப்படியே?

அதுக்காக குருவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது, தோள் பிடித்துக்கொள்கிறது, ஆறு மாசமாக ஒரே தப்பு போகவில்லை என்றால் நல்ல வாத்தியாரிடம் ஓடிவிடுங்கள். ஏழு கத்துக்குட்டிகள் ஒருத்தருக்கொருத்தர் தப்பையே சொல்லிக்கொடுத்து ஏழு பேரும் அதே தப்பில் கரை சேர்வதும் உண்டு. தன் அண்ணன்களோடு ஊர் ஊராகக் கச்சேரி வாசித்துப் பழகிய இளையராஜாவே சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். கிளாசிகல் கிடாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வும் எழுதியவர். நாம எம்மாத்திரம்?

இப்போது கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

இன்னொரு கல்லூரி. ஊர் பெயர் வேண்டாம். பி.காம். ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பெண். டே ஸ்காலர். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் கிடார் வாங்கியவர். வீட்டில் 'பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு' என்ற கேள்வியைத் தாண்டி, மொட்டை மாடியில் உட்கார்ந்து பழகியவர். நாலு மாசம் கழித்து நாற்பது விநாடி ரெக்கார்டிங் ஒன்றை நண்பர்கள் குரூப்பில் போட்டார். பாடவும் செய்திருந்தார். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. குரூப்பில் இருந்த ஒரு பையன், கெட்டவன் இல்லை, சும்மா ஜாலிக்கு அதைக் கிளாஸ் குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணிவிட்டான். அறுபது பேர். ஒருத்தன் அந்தக் குரல் உடைகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு காமெடி சீனோடு ஒட்டினான். மதியத்துக்குள் டிபார்ட்மென்ட் முழுக்க.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாராம். 'செம எடிட்டிங்டா' என்றுகூடச் சொன்னாராம். அதற்கப்புறம் அவர் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. கிடார் பீரோ மேலே ஏறியது. வருஷம் ஒன்றாகிறது, இன்னும் இறங்கவில்லை. ஃபார்வர்ட் பண்ணின பையனிடம் கேட்டால், 'அவங்களே சிரிச்சாங்களே அண்ணா' என்கிறான். அவனுக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

கலாய்ப்பது நம்ம காலேஜ் கலாசாரம். நானே அதுக்கு ரசிகன். கேன்டீன் பஜ்ஜியைக் கலாய்க்கலாம். எச்.ஓ.டி. கர்ச்சீப்பைக் கலாய்க்கலாம். ஃபுல் ஃபார்மில் ஸ்டேஜ் ஏறி ஃபிலிம் காட்டுகிற கல்ச்சுரல்ஸ் ஹீரோவைக் கலாய்க்காமல் விட்டால்தான் பாவம். ஆனால் ஒருத்தர் 'இன்னும் எனக்கு வரலை, கேட்டுப்பாரு' என்று உங்கள் கையில் வைத்தது ஸ்டேஜ் ஷோ இல்லை. அது நாலு பேருக்காகத் திறந்த கதவு. அறுபது பேரை உள்ளே கூட்டி வர உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கோவை கும்பலின் முதல் விதியே இதுதான்: குரூப்பில் வந்தது குரூப்போடு சரி. ஃபார்வர்ட் பண்ணினால் ஆள் வெளியே.

கேலிக்குத் தப்பிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ராபர்ட் ஜான்சன் என்று ஒரு ப்ளூஸ் கலைஞர். சின்ன வயசில் பெரியவர்கள் வாசிப்பதை நிறுத்தியதும், இவர் அவர்களுடைய கிடாரை எடுத்து வாசிப்பாராம். சத்தம் தாங்காமல் ஜனங்கள் 'அந்தப் பையன்கிட்டயிருந்து கிடாரைப் பிடுங்குங்கப்பா' என்று கத்துவார்களாம். சொன்னவர் சன் ஹவுஸ் என்ற பெரிய கிடாரிஸ்ட். பையன் ஊரைவிட்டே போனார். திரும்பி வந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நாற்சந்தியில் பேயிடம் ஆத்மாவை விற்றுவிட்டுக் கற்றுக்கொண்டான் என்று கதையே கட்டிவிட்டார்கள். நிஜம் அதைவிட சுவாரஸ்யம். ஐக் ஸிம்மர்மன் என்ற இன்னொரு கிடாரிஸ்ட் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு பழக்கினார். ராத்திரியில் ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று ஸிம்மர்மன் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதானே யாரும் கம்ப்ளைன்ட் பண்ண மாட்டார்கள்! 1936, 1937 ரெண்டே வருஷத்தில் ஜான்சன் பதிவு செய்தது 29 பாடல்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிடாரிஸ்டுகள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார்கள். உங்கள் ரூம்மேட்டை ஸிம்மர்மன் ஆக்க முடியாவிட்டால், ஒரு கல்லறைத் தோட்டமாவது தேடிக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போங்க.

இனி டெக்னிக்கல் சமாசாரம், வேகமாக. ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. கரன்ட் கட் ஆகும் நேரம் நமக்குப் பொன்னான நேரம். போனை மேஜை மேல் சும்மா வைத்தால் மேஜையும் சேர்ந்து அதிரும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். கிடாரின் வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் 'தொம் தொம்' என்று பாஸ் மட்டும் முட்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரில், ஒரு ஸ்கேல் தூரத்தில் வைத்தால் சத்தம் சரியாக வரும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் பேச்சுக்கு ஓகே. கிடாருக்கு ரெக்கார்டர் ஆப்பில் பதிந்து ஃபைலாக அனுப்புவது மேல். முக்கியமாக, முன்னாடி ட்யூன் பண்ணுங்க சாமி! இ, ஏ, டி, ஜி, பி, இ. ட்யூனர் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. புதுக் கம்பி போட்ட முதல் ரெண்டு மூணு நாள் அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கும். கை சரியில்லையோ என்று பயப்படாதீர்கள்.

அந்த 'மூச்சு வாங்குகிற' வியாதிக்கு ஒரு மருந்து. ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலியக் கிடார் வாத்தியார் இன்டர்நெட்டில் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவர். அவர் பிரபலமாக்கின பயிற்சி. போனில் ஒரு நிமிஷம் டைமர் வையுங்கள். ரெண்டே கார்டுகள். மாற்றி மாற்றிப் பிடியுங்கள். எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். முதல் நாள் 12 வரும். கேவலமாக இருக்கும். 30 தாண்டினால் சுமாரான வேகப் பாட்டுக்குக் கை தயார். 60 வந்தால் நீங்கள் ராஜா. இந்த எண்ணையும் ரெக்கார்டிங்கோடு சேர்த்து அனுப்புங்கள். 'நான் 18, நீ?' என்று நண்பனிடம் கேட்பதில் ஒரு கிக் இருக்கு. செமஸ்டர் மார்க்கைவிட நேர்மையான போட்டி இது.

இன்னொரு விஷயம். முதல் பாட்டாக 1980-ல் வந்த 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிடாரோடு பாடுகிற பாட்டையோ, 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' நிலாப் பாட்டையோ எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நம்மூரில் கிடார் வாங்குகிற பத்தில் எட்டுப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். முதல் மாசமே அதில் போய் முட்டிக்கொண்டு, 'நமக்கு வராதுப்பா' என்று பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். அதெல்லாம் விரலால் தனித்தனிக் கம்பியை மீட்டுகிற சமாசாரம். இ மைனர், ஜி, சி, டி. நாலு கார்டில் ஓடுகிற ஒரு எளிய பாட்டு போதும். சுருதி தொண்டைக்கு எட்டவில்லையா? கேப்போ என்ற கிளிப்பை வாங்கி ரெண்டாவது, மூணாவது ஃப்ரெட்டில் மாட்டிப் பாருங்கள். கார்ட் பிடிப்பது அதேதான், சுருதி மட்டும் ஏறும். அந்த பி.காம். பெண்ணுக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். குரல் உடைந்தது அவர் தப்பே இல்லை. பாட்டின் சுருதி அவர் தொண்டைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அறுபது பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

கடைசியாக நம்ம சங்கத்தின் தலைவர், மாண்புமிகு எஃப் கார்ட் அவர்கள். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஆறு கம்பியையும் அமுக்கணும். அதுவும் முதல் ஃப்ரெட்டில். கழுத்தின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் என்பதால் அங்கே கம்பி ரொம்ப முறைப்பாக இருக்கும். அமுக்கினால் நாலு கம்பி பேசும், ரெண்டு கம்பி இருமும். ஒரு ரகசியம்: அதே விரல் அமைப்பை அப்படியே அஞ்சாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். அது ஏ கார்ட். அங்கே கம்பி கொஞ்சம் இளகும். ஒரு வாரம் அங்கே பழகிவிட்டு, தினமும் ஒரு படியாகக் கீழே இறங்கி வாருங்கள். விரலைத் தட்டையாக வைக்காமல் லேசாகப் பக்கவாட்டில் சாய்த்தால் எலும்புப் பக்கம் நன்றாக அமுக்கும். அப்படியும் வரவில்லை என்றால், கம்பி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறதா என்று கடையில் காட்டுங்கள். விலை குறைந்த கிடாரில் இது சகஜம். கொஞ்சம் தேய்த்து இறக்கிக் கொடுப்பார்கள். மூணு மாசமாக 'என் விரலுக்கு பலம் இல்லை' என்று அழுதுகொண்டிருந்த ஒருத்தர், கம்பியை இறக்கின அன்று சாயங்காலமே எஃப் பிடித்தார். அவர் அனுப்பின ரெக்கார்டிங் மொத்தம் நாலு விநாடி. ஒரே ஒரு எஃப். அதன் பின்னாடி 'டேய்ய்ய்!' என்று ஒரு கத்தல். குரூப்பில் ஆறு பேரும் அதை எத்தனை தடவை கேட்டார்கள் என்று கணக்கே இல்லை.

எஃப் வந்துவிட்டால் சங்கத்திலிருந்து தூக்கிவிடுவோமா என்று கேட்கிறீர்களா? டோன்ட் வொரி. பக்கத்துத் தெருவில் பி மைனர் சங்கம் இருக்கு. அங்கேயும் நாங்கதான்!